மச்சான் வேட்டியைக் கவ்விய மேசை

ஜூன் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விடிவதற்கு முன் எழுந்தேன். முகம் கழுவி, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். மர அலுமாரிக்குள் இரவு முழுவதும் எரிந்த பல்பை அணைத்தேன். (குண்டசாலையில் மழைக்காலத்து ஈரம் மனிதரைவிட மரத்தைத்தான் முதலில் பிடிக்கும்.) உளிகளை அகலத்தின்படி அடுக்கினேன். முதல் நாள் மாலையும் அப்படித்தான் அடுக்கியிருந்தேன். இருந்தாலும் இன்னொரு முறை அடுக்கினேன். பிறகு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன்.

"லீவு நாள்லகூட உளிக்கு அட்டென்டன்ஸ் எடுக்கணுமா?" என்று என் மனைவி விமலா கேட்டாள். அதுவும் வழக்கம்தான்.

ஒழுங்கில்லாத மனிதன் தினமும் சின்னச் சின்னதாகத் தவறு செய்வான். அவன் அதற்குப் பழகிவிடுவான். அவனைச் சுற்றியிருப்பவர்களும் பழகிவிடுவார்கள். ஒழுங்கான மனிதன் அப்படியல்ல. வருடக்கணக்கில் சேர்த்துவைத்து எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில், சொந்தக்காரர்கள் முன்னிலையில் செய்து முடிப்பான். என்னுடைய பிற்பகல் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நான் கிட்டார் செய்கிறவன். அதற்கு முன் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்தேன். அதாவது, மற்றவர்கள் தைத்ததில் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். ஐம்பதை நெருங்கும்போது அதை விட்டுவிட்டு, வீட்டோடு ஒட்டிய கராஜைப் பட்டறையாக்கினேன். இப்போது நானே செய்து நானே குறை கண்டுபிடிக்கிறேன்.

அப்போது பட்டறையில் பாதி முடிந்து கிடந்தது என் அக்கா மகள் தர்ஷினிக்கான கிட்டார். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்று அவளுக்கு இருப்பவன் நான் ஒருவன்தான். அவள் மடுல்கெல்லப் பக்கம் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். யாரோ கைவிட்ட பழைய கிட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். அதன் முறுக்காணி உடைந்துபோய், சுருதி சேர்க்கக் குறடு வேண்டும். ஒரு கையில் குறடும் மறு கையில் கிட்டாருமாக அவள் நின்றதைப் பார்த்த அன்றே தீர்மானித்துவிட்டேன். மாமன் சீர்த் தட்டில் பட்டும் பழமும் தேங்காயும் இருக்கும். நடுவில் புதுக் கிட்டார் இருக்கும். விமலாவைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. முக்கியமாக, அவள் கணவரான என் மச்சானுக்குத் தெரியாது.

முதுகு, பக்கங்கள், கழுத்து எல்லாம் தயார். மீதி இருந்தது முன்பலகை. கிட்டாரின் குரலே அதுதான். ஸ்ப்ரூஸ் மரம், வெளிநாட்டிலிருந்து நண்பர் ஒருவர் தன் உடுப்புகளுக்கு நடுவே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து தந்த ஒரே ஒரு பலகை. அது கெட்டால் இன்னொன்று வந்து சேர்வதற்குள் தர்ஷினி பிள்ளைத்தாய்ச்சியாகிவிடுவாள். இரண்டு ரூபாய் நாணயக் குற்றியளவு தடிப்புக்கு இழைத்த அந்தப் பலகையின் உட்பக்கத்தில் மெல்லிய மரத்துண்டுகளை ஒட்ட வேண்டும். அவைதான் கம்பிகளின் இழுவையைத் தாங்கும். நாங்கள் அவற்றை விலா என்போம். பசை காயும்வரை ஒவ்வொரு விலாவையும் நுனி முதல் நுனி வரை ஒரே அளவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் விலா எழும்பும். எழும்பியதைச் சுரண்டி எடுக்கப்போனால் பலகை பிளக்கும்.

அதுவரை நான் மூங்கில் கம்புகளை வில்லாக வளைத்து, கூரைப் பலகைக்கும் விலாவுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து வந்தேன். அருமையான முறை. ஆனால் கம்பு சில சமயம் நழுவும். நழுவிய கம்பு ஒன்று என் நெற்றியில் வரைந்த கோட்டைப் பார்த்துவிட்டு, கோயில் ஐயர் "யாரு போட்டுவிட்ட திருநீறு?" என்று கேட்டபிறகுதான் வெற்றிட மேசை செய்ய முடிவெடுத்தேன்.

வெற்றிட மேசை என்பது பெரிய வித்தையொன்றும் இல்லை. தட்டையான மேசை, நடுவில் ஒரு துளை, துளையிலிருந்து குழாய், குழாயின் மறுமுனையில் பம்ப். பசை தடவிய விலாக்களோடு பலகையை மேசைமேல் வைத்து, ரப்பர் விரிப்பை இழுத்துக்கட்டிய மூடி ஒன்றால் மூடிவிட வேண்டும். பம்ப் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச, வெளியே இருக்கும் காற்று தன் பாரத்தையெல்லாம் ரப்பர்மேல் இறக்கும். ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் அழுத்துவதுபோல.

பம்பைத் தந்தவர் நவாஸ் நானா. மஹய்யாவையில் ஃப்ரிஜ் திருத்துபவர். என்னைவிட மூத்தவர், என்னைவிடச் சத்தமானவர். பழைய ஃப்ரிஜ் மோட்டார் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

"பழைய மோட்டர்தான் கதிரேசன். ஆனா இழுவ ஈக்கே, யானைட இழுவ!" என்றார். கூடவே பித்தளையில் ஒரு சின்ன வால்வையும் தந்தார். "இது ஒருவழி வால்வு. கரண்ட் போனாலும் காத்து திரும்பி உள்ளுக்கு வராது. அம்பு போட்டீக்கி. பாத்துப் பூட்டுங்க."

பார்த்துத்தான் பூட்டினேன். என்னிடம் சொல்லவா வேண்டும்? ஒரு தாளில் படம் வரைந்து யோசித்தேன். வெற்றிடம் எங்கே உற்பத்தியாகிறது? பம்பில். எங்கே போய்ச் சேர வேண்டும்? மேசைக்கு. ஆகவே அம்பு மேசையைப் பார்க்க வேண்டும். படம் மிக அழகாக வந்திருந்தது. நிறம்கூடத் தீட்டினேன்.

பம்பைப் போட்டேன். உறுமியது. ரப்பர் அசையவில்லை.

எங்கோ கசிகிறது என்று நினைத்து, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். எங்குமே குமிழி வரவில்லை. இவ்வளவு கச்சிதமாக ஒரு குழாய் வேலையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. (காற்று எந்தப் பக்கமும் அசைய முடியாத குழாயில் குமிழி எப்படி வரும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.) கடைசியில் வால்வுதான் பழுது என்ற முடிவுக்கு வந்தேன். அதைக் கழற்றி, 'பழுது' என்று சீட்டு ஒட்டி, பழுதான சாமான்களுக்கான லாச்சியை இழுத்து அதற்குள் போட்டேன். பம்பை மறுபடியும் போட்டேன்.

ஸ்ஸ்ஸ்... சப்!

ரப்பர் மேசையோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் தந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அந்த வாரம் முழுக்க வீட்டில் இருந்த ஒரு பொருளையும் நான் விட்டுவைக்கவில்லை. தலையணையை வைத்தேன், அப்பளமாகியது. என் செருப்பை வைத்தேன். அதன் நம்பர்கூட ரப்பருக்கு மேலே தெரிந்தது. விமலா தேநீருக்கு வாங்கிவைத்திருந்த கிம்புலா பனிஸை வைத்தேன். முதலை வடிவத்தில், சீனி தூவி, மெத்தென்று இருக்கும் அந்தப் பனிஸ் தபாலில் அனுப்பலாம் போலத் தட்டையாக வெளியே வந்தது.

"இதை இனி யாரு திம்பா?" என்றாள் விமலா.

"காத்தோட வெயிட்ட நீ கொஞ்சம் நெனச்சிப் பாரு விமலா!"

"நான் உங்க வயச நெனச்சிப் பாக்கிறேன்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்கு வருவோம். சாப்பிட்டு முடித்து, கைகளை இரண்டு தடவை கழுவி, விலாக்களுக்குப் பசை தடவினேன். ஒவ்வொன்றையும் பென்சில் கோட்டில் வைத்தேன். மூடியைச் சாத்தினேன். பம்ப். ஸ்ஸ்ஸ்... சப்! ரப்பருக்கு அடியில் ஒவ்வொரு விலாவும் துலங்கி எழுந்தது. குழாயில் பூட்டியிருந்த அமுக்கமானியின் முள் நான் விரும்பிய இடத்தில் நின்றது. வேடிக்கை பார்க்க வந்த விமலாவின் முன்னால் நான் இரண்டு அடி எடுத்துவைத்து ஆடினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது அடி வைக்கும்போது பம்பின் உறுமல் நின்றது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே ஓய்ந்தது.

"கரண்ட் போயிருச்சு," என்றாள் விமலா. அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்தது. பெருமூச்சு விடுவதுபோல மெல்ல மெல்ல எழும்பியது. திரும்பி வரும் காற்றைத் தடுக்கக் குழாயில் எதுவும் இல்லை.

பசை தடவிச் சில நிமிடம்தான் ஆகியிருந்தது. அது பிடிக்க இன்னும் முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். மூடியைத் தூக்கினேன். அது விழாமல் ஒரு தடியை முட்டுக்கொடுத்தேன். விலாக்களின் மேல் பாய்ந்தேன். இரண்டு உள்ளங்கை, பத்து விரல், முழங்கை இரண்டு என்று கடவுள் கொடுத்த எல்லாவற்றாலும் அழுத்தினேன்.

"நீயும் பிடி! அந்த நுனிய! இல்ல, அதுக்குப் பக்கத்து நுனிய!"

விமலா எனக்கு எதிரே நின்று அழுத்தினாள். மேசைமேல் கிடந்த கைத்தொலைபேசியை மூக்கால் தொட்டு நவாஸ் நானாவை அழைத்ததும் அவள்தான். (மூன்றாவது முயற்சியில்தான் சரியான ஆள் கிடைத்தார். முதல் முயற்சியில் பால்காரர்.)

"கொரங்கு கரண்ட் கம்பில பாஞ்சீக்கும்," என்றார் நவாஸ் நானா ஸ்பீக்கரில். "ஏன்ட சின்ன ஜெனரேட்டரக் கொண்டு இந்தா வாறன். கைய மட்டும் எடுத்திராதீங்க!"

நாங்கள் கையை எடுக்கவில்லை. அப்போது வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் சத்தம் கேட்டது.

"வீட்ல யாருமில்லையா?"

என் அக்காவின் குரல். விமலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் நல்ல நாள் பார்த்து மடுல்கெல்லவிலிருந்து அக்காவும் மச்சானும் வருகிறார்கள் என்றால் அது ஒரே காரணத்துக்காகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு.

மச்சானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தோட்டப் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். தங்கமான மனிதர். ஆனால் மரியாதை விஷயத்தில் தராசு வைத்து நிறுப்பவர். ஒருவர் மதிலுக்கு மேலால் ஒற்றைக் கையால் பத்திரிகை நீட்டினார் என்பதற்காக, அந்தக் கல்யாணத்துக்குப் போய், மொய் எழுதிவிட்டு, ஒரு பருக்கைகூடத் தொடாமல் எழும்பி வந்தவர். பத்திரிகை என்றால் கொடுப்பவர்கள் கணவனும் மனைவியுமாக நிற்க வேண்டும்; வாங்குபவர்களும் ஜோடியாகக் கிழக்கைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அவர் அகராதியில் வேறு முறை கிடையாது.

அவர்கள் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. மச்சான் பட்டுக்கரை வேட்டியில் மரத்தூள் படாமலிருக்க அதன் முனையை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தார். மேசைமேல் குப்புறக் கவிழ்ந்திருந்த எங்களைப் பார்த்தார்.

"என்னா மாப்ள, கும்புடுறீங்களா? மயக்கமா?"

"வாங்க மச்சான், வாங்க அக்கா. இல்ல, கை கொஞ்சம் வேலையா இருக்கு."

"நல்லது. கைய கழுவிட்டு வாங்க. நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன குடுத்துறணும்."

"எடுக்க முடியாது மச்சான். பசை காயணும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"ஒரு... அரை மணித்தியாலம்."

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "இது யாருக்குச் செய்ற கிட்டாரு?"

விமலா வாயைத் திறந்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் மூடிக்கொண்டாள்.

"கொழும்புல ஒருத்தருக்கு," என்றேன்.

"பெரிய ஆளோ?"

"ரொம்ப வேண்டியவங்க மச்சான்."

"எங்களவிட வேண்டியவங்களா?"

யாருக்காக அந்தப் பலகையை உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தேனோ, அவளுடைய அப்பாவே அவளுக்காக என்மேல் கோபப்படுகிறார். நான் தலையைக் குனிந்து இன்னும் பலமாக அழுத்தினேன். அது பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அக்கா சமாதானத்துக்கு இறங்கினாள். தாம்பாளத்தை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு, "நகரு விமலா, நான் புடிச்சிக்கிறேன். நீ போயி வாங்கு," என்றாள். விமலா நகர்ந்தாள். ஆனால் அக்கா அழுத்தினால் கொடுப்பதற்கு மச்சான் மட்டும்தான் மிச்சம். ஜோடி இல்லை. அக்கா கையை எடுத்து, விமலா மறுபடியும் வந்தாள். பிறகு நான் நகர்ந்து அக்கா வந்தாள். கொடுக்க இரண்டு பேர், வாங்க இரண்டு பேர், பலகைக்கு இரண்டு பேர். இருப்பது நான்கு பேர். ஆட்டையும் புலியையும் புல்லுக்கட்டையும் ஒரே ஓடத்தில் ஏற்றப் பார்ப்பதுபோல நாங்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். விலாக்களுக்கு மேல் கைகள் மட்டும் ஓயாமல் மாறிக்கொண்டே இருந்தன.

"போதும்," என்றார் மச்சான். "கைய நீட்ட வழியில்லாதவங்களுக்குக் கையில எப்பிடிக் குடுக்கிறது? உங்க கொழும்புக்காரருக்கு இருக்கிற மரியாத எங்களுக்கு இல்லன்னு தெரிஞ்சிபோச்சு. இந்தா, அவரு பலகை மேலயே வைக்கிறேன். காஞ்ச பொறகு எடுத்துப் பாருங்க."

தாம்பாளத்திலிருந்து பத்திரிகையை எடுத்து, மேசைமேல் குனிந்து, எங்கள் கைகளுக்கு நடுவே பலகைமேல் வைத்தார்.

அந்த நொடி கரண்ட் வந்தது.

பம்ப் உறுமியது. சரியாக அதே நேரத்தில், ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்தபடி நவாஸ் நானா உள்ளே நுழைந்தார். அவர் கண்ணில் பட்டது ஓடுகிற பம்பும் திறந்த மூடியும் மட்டும்தான்.

"மூடுங்க! மூடுங்க! கைய எடுங்க எல்லாரும்!" என்று கத்திக்கொண்டே முட்டுத்தடியைக் காலால் தட்டிவிட்டார்.

எல்லோரும் சூடு பட்டதுபோலக் கையை இழுத்தோம். மூடி விழுந்தது. தடார். ஸ்ஸ்ஸ்... சப்!

ரப்பருக்கு அடியில் விலாக்கள் எழுந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு நீள்சதுரமும் எழுந்தது. பத்திரிகையின் முகப்பில் புடைப்பாக அச்சடித்திருந்த பிள்ளையார் தும்பிக்கையோடும் மோதகத்தோடும் ரப்பருக்கு மேலே தெளிவாகத் தெரிந்தார். அக்கா தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வா, போவோம்," என்று மச்சான் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். தூக்கிப் பிடித்திருந்த வேட்டி முனை மூடிக்குள் மாட்டியிருந்தது.

அவர் இழுத்தார். மேசை விடவில்லை. இடுப்பில்தான் ஏதோ தளர்ந்தது.

"இழுக்காதீங்க மச்சான்!" நான் அலறினேன். வேட்டி நுழைந்த இடத்தில் காற்று கசிந்து 'ஈஈஈ' என்று சத்தம் வந்தது. மானியின் முள் இறங்கியது.

"என் வேட்டிய நான் இழுக்கக்கூடாதா? மெஷின நிப்பாட்டு!"

"நிப்பாட்டினா பலகை போயிரும் மச்சான்!"

"அப்ப என் மானம்?"

"நீங்க இழுத்தா அவன் பலகை போயிரும். அது இழுத்தா உங்க வேட்டி போயிரும்," என்றாள் அக்கா. "பேசாம ஒக்காருங்க." கதிரை ஒன்றை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். முப்பது வருடம் பாடசாலையை ஆண்டவர், மனைவி போட்ட கதிரையில், மேசையோடு கட்டப்பட்டவராக அமர்ந்தார்.

முள் இன்னும் இறங்கியது. விமலா உள்ளே ஓடினாள். ரொட்டிக்குக் குழைக்கும் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்துகொண்டு வந்து, வேட்டி நுழைந்த இடத்தைச் சுற்றி அழுத்தி அடைத்தாள். 'ஈஈஈ' மெல்ல அடங்கியது. முள் நின்றது. பிறகு ஏறியது.

"நான் எத்தனயோ லீக் அடச்சீக்கிறன்," என்றார் நவாஸ் நானா. "ரொட்டி மாவால இதான் மொத தரம். சரி, கரண்ட் போனா ஏன் காத்து உள்ளுக்கு வந்திச்சி? வால்வு எங்க?"

"அது பழுது நானா."

"பழுதா? புதுச் சாமான்! எப்பிடிப் பூட்டினீங்க?"

நான் என் படத்தை விளக்கினேன். பம்பில் வெற்றிடம் உற்பத்தியாகி, குழாய் வழியாக மேசைக்குப் போகிறது என்றேன்.

"கதிரேசன்," என்றார் நவாஸ் நானா மிக மெதுவாக. "நீங்க காத்தயா அனுப்பப் பாத்தீங்க?"

"காத்த இல்ல நானா. வெற்றிடத்த."

அவர் ஜெனரேட்டர்மேல் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. "அல்லாஹ்வே! ஒண்டுமில்லாதத ஏத்தி அனுப்பீக்கிறாரு! அதுக்கு லொறி பிடிக்கல்லயா?"

கதிரையில் இருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. மச்சான் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். "மாப்ள," என்றார் கடைசியில், "எட்டாம் வகுப்புல ஒங்களுக்கு சயன்ஸ் எடுத்தது யாரு? காத்துதான்யா வெளிய போகுது! அம்பு பம்பப் பாக்கணும்!" வேட்டி மாட்டியிருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தான். கையை ஆட்டி ஆட்டி வளிமண்டல அமுக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு முழுப் பாடம் எடுத்தார். இடையில் தேநீரும் வாங்கிக் குடித்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

நேரம் ஆனதும் பம்பை நிறுத்தினேன். ரப்பர் தளர்ந்தது. மச்சான் வேட்டி முனையை மீட்டு, அதில் ஒட்டியிருந்த மாவைக் கவலையோடு பார்த்தார். நான் மூடியைத் தூக்கினேன். விலாக்கள் எல்லாம் கோட்டிலேயே இருந்தன. நகத்தால் கீறினேன், ஒரு நுனியும் எழும்பவில்லை.

ஆனால் விலாக்களிலிருந்து பிதுங்கிய பசையில் பத்திரிகை முழுவதுமாக ஒட்டியிருந்தது. பலகையோடு பிறந்தது போல. 'திருநிறைச்செல்வி தர்ஷினி' என்ற எழுத்துகள் மேலே பார்த்துச் சிரித்தன.

மெல்லிய கத்தி ஒன்றை எடுத்து ஓரத்தில் வைத்தேன்.

"கத்தியா?" மச்சான் எழுந்துவிட்டார். "கல்யாணப் பத்திரிகை மேல கத்தி வைக்கிறதா? எடு கைய!"

"கிழிக்காம எடுக்கிறேன் மச்சான்."

"கிழியும்! எனக்குத் தெரியாதா? என் புள்ள பேரு போட்ட பத்திரிகை கிழியவும் கூடாது, எவனோ கொழும்புக்காரன் கிட்டாருக்குள்ள கெடக்கவும் கூடாது. இந்தப் பலகைய நான் கொண்டுபோறேன். அவனுக்கு வேற செஞ்சி குடு!"

சொன்னவர் பலகையின் ஒரு விளிம்பைப் பற்றித் தூக்கிவிட்டார். நான் மறு விளிம்பைப் பற்றினேன். பேப்பர் தடிப்புக்குக் கொஞ்சம் கூடுதலான ஸ்ப்ரூஸ் பலகை எங்கள் இருவருக்கும் நடுவே நடுங்கியது. அவர் தன் பக்கம் இழுத்தார். பலகையிலிருந்து 'கிரீச்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"மெதுவா மச்சான்! அது தர்ஷினியோடது!"

"எது?"

"கிட்டாரு. கொழும்புக்கு இல்ல. மாமன் சீரு."

மச்சான் இழுப்பதை நிறுத்தினார். பிறகு, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல இரண்டு கைகளாலும் பலகையை மேசைமேல் இறக்கினார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அறிவுகெட்டவனே, மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அப்ப அந்தக் கொழும்புக்காரரு?" என்றார் மச்சான்.

"அப்பிடி ஒருத்தரே இல்ல மச்சான்."

"அந்த மனுசன மனசுக்குள்ள என்னென்ன பேசிட்டேன்!" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். இல்லாத ஒருவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்பது அவருக்குப் பெரிய சிக்கலாக இருந்தது.

பத்திரிகை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். இதற்குள் ராகுகாலம் வந்துவிட்டதால், அது முடியும்வரை எல்லோரும் ரொட்டி சாப்பிட்டோம். பிறகு அக்கா பையிலிருந்து புதுப் பத்திரிகை ஒன்றை எடுத்தாள். மாவு பட்ட வேட்டியை விமலா துவைக்கப் போட்டுவிட்டதால், மச்சான் என் கட்டம்போட்ட சாரத்தில் நின்றார். நானும் விமலாவும் கிழக்கைப் பார்த்து நின்று, கை நான்கையும் நீட்டி வாங்கினோம். நவாஸ் நானாவுக்கும் ஒரு பத்திரிகை கிடைத்தது. அவரும் கிழக்கைப் பார்த்தே நின்றார்.

அவர்கள் புறப்படும்போது நான் ஓர் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பலகையில் ஒரு காகிதம் ஒட்டினாலும் அதன் குரல் அடைபட்டுப் போகலாம். இரவு முழுக்கப் பசை இறுகியபின் காலையில் தட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். சாரத்தோடு த்ரீவீலரில் ஏறிய மச்சானின் முகம் சுருங்கிப்போனது.

அந்தக் கிட்டார் ஆவணியில் தாம்பாளத்தில் ஏறி, மேளத்தோடு போய்ச் சேர்ந்தது. உள்ளே ஏதோ மஞ்சளாகத் தெரிகிறதே என்று தர்ஷினி துளை வழியாகக் கைத்தொலைபேசியை விட்டுப் படம் பிடித்துப் பார்த்து, தன் கல்யாணத்துக்குத் தானே அழைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் பத்திரிகை வைக்க வந்தாலும், வாசலிலேயே நின்று "மெஷின் ஓடுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஆண்கள் வேட்டியை இறுக்கிக்கொள்வார்கள். கதையை மிகுந்த ஆர்வத்தோடு சொல்பவர் மச்சான்தான். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவர் மாட்டிக்கிடந்த நேரம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியாகக் கேட்டபோது, தீயணைப்புப் படைக்குச் சொல்லும் நிலைக்கு வந்திருந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. மறுநாள் காலையில் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், பலகையைக் கையில் எடுத்தேன். தட்டுவதற்கு விரலை மடக்கும்போதே கைத்தொலைபேசி அடித்தது.

"தட்டினியா?" மச்சான் கிசுகிசுத்தார். இரவு தூங்கிய குரலாக இல்லை.

"இப்பத்தான் மச்சான்."

"போன கிட்ட வச்சித் தட்டு."

விலாக்களுக்கு நடுவே, பத்திரிகைக்குப் பின்பக்கமாக, விரல் முட்டியால் தட்டினேன். டொம். ஆழமான, வட்டமான ஒரு சத்தம் எழுந்து, பட்டறையைச் சுற்றி வந்து, மெல்லத் தேய்ந்து அடங்கியது. அடைப்பு இல்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுமுனையில் மச்சான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

தூரத்தில் தர்ஷினியின் தூக்கக் குரல் கேட்டது. "அப்பா, யாரு காலங்காத்தால கதவத் தட்டுறது?"

"ஒண்ணுமில்ல புள்ள, நீ படு," என்றார் மச்சான். பிறகு, வாயையும் தொலைபேசியையும் சேர்த்துப் பொத்திய குரலில், "மாப்ள, இன்னொரு தரம்," என்றார்.

நான் இன்னொரு தரம் தட்டினேன்.